கர்ண மோட்சத்துக்கு டிக்கெட் போட்டால் எடுபடுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் வீட்டுப்பாட நோட்டையே கடைசிப் பக்கம் வரை பார்த்தவள் நான்.

விஷயம் இதுதான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பையன் கூத்து ஆடுகிறான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. பெயர் வேண்டாம். அவன் போடுவது பெண் வேஷம். பதினைந்து வருஷமாகக் கர்ண மோட்சத்தில் பொன்னுருவி அவன்தான். அவர்கள் ஜமாவைச் சென்னையில் ஒரு குழுவினர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏ.சி. அரங்கம், டிக்கெட், ஒன்றரை மணி நேரம். கர்ண மோட்சம்தான் வேண்டுமாம். நன்றாகப் போனால் அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் போடலாம் என்கிறார்களாம். நிபந்தனை ஒன்றுதான். பொன்னுருவி கட்டத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போர்க்களத்துக்குப் போய்விட வேண்டும். "புருஷன் பொண்டாட்டி சண்டையை யார் காசு கொடுத்துப் பார்ப்பாங்க?" என்று கேட்டார்களாம்.

"டீச்சர், இது எடுபடுமா? போலாமா, வேணாமா?" என்று என்னிடம் கேட்டான். ஒரு வாரம் யோசித்தேன். யோசித்ததை அவனுக்கு மட்டும் சொல்லாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும்தான் இருக்கிறீர்கள். டிக்கெட் வாங்க வேண்டியவர்கள் நீங்கள்தானே!

வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். நம் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்தில் கூத்துக்கு இரண்டு பெரிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஒன்று, திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவெல்லாம் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் சாய்ந்து கிடக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு தீமிதி. இரண்டாவது, சாவு வீடு. வயதானவர் ஒருவர் போய்விட்டால், பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டிய இரவில் வசதிப்பட்டவர்கள் கூத்து வைப்பார்கள். அன்றைக்கு ஆடுவது பெரும்பாலும் கர்ண மோட்சம்.

கதை உங்களுக்குத் தெரியும். பதினேழாம் நாள் போர். கர்ணன் சல்லியனைத் தேரோட்டியாக வைத்துக்கொண்டு களத்துக்குப் போகிறான். தேர்ச் சக்கரம் மண்ணில் அழுந்துகிறது. கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து, அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான். குந்தி ஓடி வந்து மகனை மடியில் போட்டுக்கொண்டு ஊரறிய அழுகிறாள். ஆனால் நம் ஊர்க் கூத்தில் இவையெல்லாம் விடியற்காலையில்தான் வரும். அதற்கு முன் நடுராத்திரியில் நெடுநேரம் நடப்பது வேறொன்று. கர்ணன் போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ அவனைத் தேரோட்டி மகன், குலம் தெரியாதவன் என்று ஒதுக்கி வைத்திருப்பவள். இரண்டு பேரும் பாட்டும் வசனமுமாக வாதாடுவார்கள். விடிந்தால் சாகப் போகிறவன் அவன் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது.

இப்போது நம் குடும்பத்து விஷயம் ஒன்று. உறவுகள் தப்பாக நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் அப்பா மாட்டு வண்டி ஓட்டியவர். முந்திரி மூட்டையும் சவுக்குக் கட்டையும் புதுச்சேரிக்கு ஏற்றிப் போவார். அம்மா வீட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. கோபம் வந்தால் அம்மா வாயில் முதலில் வருவது "வண்டிக்காரன் புத்தி" என்ற வார்த்தைதான். அப்பா பதில் சொல்ல மாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்பா இறந்தபோது அம்மா அழவில்லை. மூன்று நாளும் அழவில்லை, பால் தெளித்த அன்றும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்களே பேசினார்கள்.

பதினாறாம் நாளுக்குக் கூத்து வைத்தோம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். பொன்னுருவி கர்ணனைப் பார்த்து, தேரோட்டி மகனே என்று ஏளனம் செய்கிறாள். கர்ணன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். கூத்து முடிகிற வரை நிற்கவில்லை. சித்தி எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா சாகும் வரை அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால், புருஷன் பொண்டாட்டி சண்டையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டால், நான் பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலே தருவேன். ஆனால் அவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் அம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு வரவில்லை. சாவு எங்கள் வீட்டில், கூத்து எங்கள் தெருவில், சுற்றியிருந்தவர்கள் எங்கள் சனம். இதையே தூக்கிக்கொண்டுபோய், ஒருவரை ஒருவர் தெரியாத 300 பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? கேள்வி அதுதான்.

சிலர் சொல்வார்கள், சோகக் கதை காசு பார்க்காது, சனங்கள் சிரிக்கத்தான் வருவார்கள் என்று. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' என்ன சந்தோஷமான கதையா? திருவாரூர் தங்கராசு எழுதியது. பணக்காரன் ஒருவன் தாயை உதைத்து, மனைவியை ஒதுக்கி, கடைசியில் குஷ்டம் பிடித்துத் தெருவில் விழுகிற கதை. ஊர் ஊராக நாடகமாக ஓடி, 1954இல் படமாகவும் வந்து, இன்றைக்கும் அந்தக் குரலைப் பேசிக் காட்டாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அரிச்சந்திரா நாடகத்தில் மயான காண்டத்துக்காகவே விடிய விடிய விழித்திருந்தவர்கள் நம் பாட்டிமார்கள். செத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் சுடுகாட்டில் பாடுவதைவிட இருட்டான கட்டம் எங்கே இருக்கிறது? அதனால் இருட்டு ஒரு தடையே இல்லை.

அப்படியானால் எது தடை? கர்ணன் கதையையே எடுத்துக்கொள்வோம். 1964 பொங்கலுக்கு பி.ஆர். பந்துலு 'கர்ணன்' எடுத்தார். சிவாஜி, என்.டி. ராமராவ், தேவிகா. பெரிய செலவு. வந்த புதிதில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை என்பார்கள். 2012இல் அதையே டிஜிட்டலில் சரிசெய்து வெளியிட்டபோது 100 நாளைத் தாண்டி ஓடியது. நானும் போய்ப் பார்த்து அழுதேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படத்தில் கர்ணன் மனைவி பெயர் சுபாங்கி. நம் பொன்னுருவி மாதிரி புருஷனைக் குலம் சொல்லிக் குத்துகிறவள் அல்ல, அவனை நேசிப்பவள். அவனை இழிவாகப் பேசும் வேலை மாமனாருக்குப் போய்விட்டது. சாவு அப்படியே இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, துரோகம் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் அசிங்கம் மட்டும் வெளியே போய்விட்டது.

இதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய மேடைக்குப் போகும்போது சாவையும் சண்டையையும் யாரும் வெட்டுவதில்லை, அவை தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். முதலில் கத்தரி விழுவது, கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடத்தில்தான். சென்னைக்காரர்கள் கேட்பதும் அதைத்தான்.

அப்படி வெட்டினால் என்ன மிஞ்சும் என்பதை நான் ஒரு விழாவில் பார்த்திருக்கிறேன். எந்த விழா, யார் நடத்தியது என்பது வேண்டாம். ஜமாவுக்கு 20 நிமிஷம் கொடுத்தார்கள். வேஷம் கட்டவே மூன்று மணி நேரம் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் கண்ணாடி பளபளக்க வந்து, கிறுகிறுவென்று சுற்றி, சலங்கை அதிர நாலு அடவு ஆடி, கர்ணனைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். நல்ல கைத்தட்டல். பிறகு செல்ஃபி. வந்திருந்த ஒரு அம்மா, "ரொம்ப கலர்ஃபுல்லா இருந்துச்சு" என்றார். யார் செத்தது என்று அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

கூத்தில் கிட்டம் என்பது இடத்தை மட்டும் பொறுத்ததல்ல. பிள்ளைகளாக இருந்தபோது நாம் என்ன செய்வோம்? சாயங்காலமே போய் வேஷம் கட்டுகிற கொட்டகையில் ஒளிந்து பார்ப்போம். பக்கத்து ஊர் பெயின்டர் அண்ணன் முகத்தில் அரிதாரம் ஏறி, கண் பெரிதாகி, கொஞ்சம் கொஞ்சமாகத் துரியோதனன் ஆவதைப் பார்ப்போம். அதனால் அவர் களரிக்குள் வரும்போது நமக்கு இரண்டு பேரும் தெரிவார்கள். அப்புறம் அந்தத் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் சலங்கையும் பாட்டும் மட்டும் கேட்கும். கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். முகம் தெரியக் கால் மணி நேரம்கூட ஆகும். அந்தக் காத்திருப்பில்தான் மனசு உள்ளே போகும்.

அப்புறம் கட்டியக்காரன். ராஜா கேட்டால் பதில் சொல்வான், தூங்குகிறவனை எழுப்புவான், ஊர்ப் பிரசிடெண்டைக் கிண்டல் செய்வான், இன்னார் 50 ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்வான், திரும்பக் கதைக்குள் போவான். நகரத்தில் போடும்போது கட்டியக்காரனை முதலில் குறைக்கச் சொல்கிறார்கள், கொச்சையாகப் பேசுகிறான் என்று. கொச்சையைக் குறைக்கலாம், ஆளைக் குறைக்கக் கூடாது. அவன் சிரிக்க வைப்பதால்தான் நம்மால் எட்டு மணி நேரம் அழுகையைத் தாங்க முடிகிறது. எம்.ஆர். ராதாவுக்கும் இந்த ரகசியம் தெரியும். குஷ்டரோகியாகக் கிடந்துகொண்டே அவர் அடித்த நக்கல்தான் ரத்தக்கண்ணீரை ஓட்டியது.

சரி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு வேற்று ஊரில், வேற்று மனிதர்கள் முன்னால் வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள்.

ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர். செய்யாறு பக்கம் புரிசையில் பரம்பரையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்தின் ஆட்டத்தைப் பார்த்து, இது வெறும் நாட்டுப்புற வேடிக்கை அல்ல, முழுமையான நாடகம் என்று விடாமல் எழுதியவர். 'அன்று பூட்டிய வண்டி' என்ற அவருடைய கட்டுரை நூலைக் கிடைத்தால் படியுங்கள். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். பிறகு புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் வைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். 2020 வரை அது நடந்தது. இரவு முழுக்க ஆடுவதையும் விடவில்லை, மேடைக்கு ஏற்றாற்போல் சுருக்கமாகச் செய்வதையும் ஒதுக்கவில்லை. சுருக்கினாலே கூத்து கெட்டுவிடும் என்பதில்லை. சுருக்குகிறவர் கூத்து தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது நம் வாசலுக்குப் பக்கத்திலேயே தொடங்கிய கதை. பாரீசில் அரியான் முனுஷ்கின் என்ற அம்மையார் 1964இல் தொடங்கிய பெரிய நாடகக் குழு ஒன்று உண்டு, தியேத்ர் து சொலெய் என்று பெயர். சூரிய நாடகக் குழு என்று சொல்லலாம். அவர்கள் 2016 தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்து தங்கினார்கள். முந்தைய நவம்பரில்தான் பாரீசில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்து ஏராளமானோர் இறந்திருந்தார்கள். அந்தத் துக்கத்தோடு வந்தவர்கள். புரிசைக் கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான் அவர்களுக்குக் கூத்து கற்றுக் கொடுத்தார். 2016 நவம்பரில் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகம் பாரீசில் வந்தது. ஏறக்குறைய நாலு மணி நேரம். அதற்குள் திரௌபதி துகிலுரிதலும் கர்ணன் சாவும் கூத்தாகவே வந்தன. வெளிநாட்டு நடிகர்கள் கட்டை கட்டி, தமிழிலேயே பாடி ஆடினார்கள். 2017 டிசம்பரில் நியூயார்க்கிலும் நடந்தது. புரிசையில் ஆடியது பாரீசிலும் நியூயார்க்கிலும் டிக்கெட்டுக்கு நடந்திருக்கிறது, பிள்ளைகளே!

அது எப்படி எடுபட்டது? அந்தக் குழு பாரீசில் நாடகம் போடும் இடம் ஒரு பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை. அங்கே முனுஷ்கின் அம்மையாரே வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழிப்பார். நடிகர்களே பார்வையாளர்களுக்குச் சாப்பாடு பரிமாறுவார்கள். வேஷம் போடுகிற இடமும் பார்வையாளர் கண்ணில் படும்படி இருக்கும். நம் ஊர்க் கொட்டகையில் நாம் ஒளிந்து பார்த்தது நினைவுக்கு வருகிறதா? சாப்பாடு, வேஷம் கட்டுவதைப் பார்ப்பது, நீண்ட நேரம், இந்த மூன்றும் அங்கேயும் இருந்தன. அதனால்தான் கர்ணன் அங்கே போய்ச் சாக முடிந்தது. அந்தக் குழுவுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் மானியம் தருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் பணத்தை மட்டும் நம்பி அவர்கள் நடத்தவில்லை.

முழுக்க முழுக்க வியாபாரமாக நடக்கிற இடத்தில் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 'ஃபன் ஹோம்' என்று ஓர் இசை நாடகம். அலிசன் பெக்டெல் என்பவர் தன் குடும்பத்தைப் பற்றிச் சித்திரக்கதையாக எழுதிய புத்தகம் அது. பெயரைப் பார்த்து வேடிக்கை என்று நினைக்காதீர்கள். அவர்கள் குடும்பத் தொழில் சவ அடக்க நிலையம், பிள்ளைகள் அதற்கு வைத்த செல்லப் பெயர் அது. அப்பா வீட்டுக்குள் ஒரு ரகசியத்தோடு வாழ்ந்தவர். ஒருநாள் லாரி மோதிச் செத்தார். அது தற்கொலைதான் என்று மகள் நம்புகிறாள். இதைப் பாட்டும் கூத்துமாக 2013இல் நியூயார்க்கில் 300 பேர்கூட உட்கார முடியாத அரங்கில் போட்டார்கள். 2015இல் பிராட்வேக்குக் கொண்டு போனார்கள். அங்கே இதெல்லாம் ஓடுமா என்று பேசினார்கள், நம் பையனிடம் பேசுகிற மாதிரியே. அவர்கள் என்ன செய்தார்கள்? பிராட்வேயில் பெரிய அரங்கங்கள் எத்தனையோ இருக்க, நடுவில் ஆடுகளமும் சுற்றிலும் சனங்களும் உட்காரும் சிறிய அரங்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முழு நாடகத்தையும் அந்த வட்டத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த இசை நாடகம் என்று டோனி விருது கிடைத்தது. மொத்தம் ஐந்து டோனி. அந்த வருஷம் முடிவதற்குள் போட்ட முதல் திரும்பிவிட்டது.

நம் களரி மாதிரி சுற்றி உட்கார வைத்தார்கள், வீட்டுக்குள் நடந்த கதையை வெட்டவில்லை. எனக்கு இதுவே போதும்.

இப்போது நம் பையனுக்கு. கணக்கு டீச்சராகவும் இருந்தவள் என்பதால் முதலில் கணக்கு. 300 பேர் உட்காரும் அரங்கம், டிக்கெட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள். அரங்கம் நிறைந்தால் 90,000. பாதி நிறைந்தால் 45,000. அதில் அரங்க வாடகை, ஒலி, ஒளி, விளம்பரம், வேன், சாப்பாடு போக மிச்சம்தான் உங்களுக்கு. நீங்கள் மேளக்காரர்களையும் சேர்த்துப் பன்னிரண்டு, பதினைந்து பேர். வசூலில் பங்கு என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. வெற்றிலை பாக்கு வைத்து இவ்வளவு என்று பேசுகிற நம் ஊர் முறைதான் உனக்குப் பாதுகாப்பு. கூலி இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, அரங்கம் நிறையாவிட்டாலும் கூலி குறையாது என்று எழுதி வாங்கு. மிச்ச லாபத்தை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நஷ்டத்துக்கும் அவர்களே பொறுப்பு.

இரண்டாவது, நேரம். ஒன்றரை மணி நேரம் போதாது, இரண்டரை கேள். நடுவில் டீக்கு 15 நிமிஷம் விடச் சொல். சினிமாவுக்கு இரண்டரை மணி நேரம் உட்காருகிறவர்கள்தான் இவர்களும்.

மூன்றாவது, வெட்டுவது. எட்டு மணி நேரத்தில் வெட்ட எவ்வளவோ இருக்கிறது. ஒரே விஷயத்தைப் பாட்டில் ஒரு முறை, வசனத்தில் ஒரு முறை, கட்டியக்காரனிடம் ஒரு முறை என்று மூன்று தடவை சொல்வது திறந்தவெளியில், மைக் இல்லாத காலத்தில், தூங்கி எழுந்தவனுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக. அரங்கத்தில் ஒரு தடவை போதும். ஒவ்வொரு ராஜாவும் வந்து தன் பெருமை சொல்வதைக் குறைக்கலாம். போர்க்களத்தில் அம்பு விடுவதைப் பாதியாக்கலாம், யார் ஜெயிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். திரையையும் கட்டியக்காரனையும் குந்தியையும் விடாதே. பொன்னுருவிக்கு நாற்பது நிமிஷத்துக்குக் குறையாமல் கேள். அதுதான் நாடகத்தின் நடு. அவள் அவனை என்ன சொன்னாள் என்று கேட்டுவிட்டவர்களுக்குத்தான், அவன் செத்தபோது அவளுக்கு என்ன மிச்சம் என்று தெரியும். பத்து நிமிஷம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. அது உன் வேஷம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அது இல்லாத கர்ண மோட்சத்துக்கு இரண்டாவது முறை ஆள் வராது.

நான்காவது, இடம். மேடை உயரமாக இருந்தால், முடிந்தால் கீழே இறங்கி ஆடுங்கள். மூன்று பக்கம் நாற்காலி போடச் சொல்லுங்கள். முன்னால் கொஞ்சம் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கதவைத் திறந்து, நீங்கள் வேஷம் கட்டுவதைப் பார்க்க விடுங்கள். இதற்குத் தனி டிக்கெட் என்று யாராவது யோசித்தால், வேண்டாம் என்று சொல்.

இன்னொன்றும் இருக்கிறது. அவனுடைய வாத்தியார் இதை விரும்பவில்லையாம். "சாவு வீட்டு மோட்சக் கூத்தைக் கொட்டகையில டிக்கெட்டுக்கு ஆடலாமா, செத்தவங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் கேட்பதை லேசாகத் தள்ள முடியாது. ஆடுகிறவர்களுக்குச் சாமி காரியம் இது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த 300 பேரில் யாரையும் இழக்காதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? நகரத்தில் இப்போது மூன்றாம் நாளே எல்லாம் முடிந்து, நாலாம் நாள் ஆபீஸ் போகிறார்கள். அழ நேரம் கிடைக்காதவர்கள் அங்கேதான் அதிகம். ஆட்டம் தொடங்குமுன் பிள்ளையாருக்கும் குருவுக்கும் வணக்கம் சொல்கிறீர்கள் அல்லவா, அதோடு, வந்திருப்பவர்கள் வீட்டில் மறைந்தவர்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வாத்தியாரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் வராமல் போகாதீர்கள்.

ஊரில் ஆடுவதை மட்டும் விட்டுவிடாதே. பங்குனியிலிருந்து ஆடி வரை உனக்குக் கூத்து, மற்ற மாதங்களில் பெயின்ட் அடிக்கப் போகிறாய். நம் பக்கத்திலேயே திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ராவும் ரெக்கார்டு டான்ஸும் வைக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். காரியத்துக்குக் கூத்து வைப்பதும் குறைந்துவிட்டது. சென்னை மேடையில் கிடைக்கும் கூலியால் நீ வருஷம் முழுக்கக் கூத்தாடியாகவே இருக்க முடியும் என்றால் அது நல்லது. ஆனால் சென்னைக்காகச் சுருக்கியதையே ஊரிலும் ஆட ஆரம்பித்தால், சுருக்குவதற்கு மூலமே இல்லாமல் போய்விடும். விடிய விடிய ஆடத் தெரிந்தவனால்தான் இரண்டரை மணி நேரமும் ஆட முடியும்.

ஆக, இருட்டான, வீட்டுக்குள் நடக்கிற ஒரு பாட்டு நாடகம் டிக்கெட் மேடையில் எடுபடுமா என்றால், எடுபடும் என்றே சொல்கிறேன். நம் குயிலாப்பாளையத்தில் 1968இல் ஆரோவில் வந்த காலத்திலிருந்து வெளிநாட்டார் நம் பக்கத்தில் உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை புரியாதவர்கள்கூட விடியும் வரை எழுந்து போகாமல் இருந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் உட்கார்ந்தது கிட்டத்தில் உட்கார்ந்ததால்தான்.

சென்னையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தேதி உறுதியானதும் இங்கேயே எழுதுகிறேன். இலவச பாஸ் கேட்காமல் டிக்கெட் வாங்கிப் போங்கள். வேஷம் கட்டும் நேரத்துக்கே போங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். செல்போனை அணைத்து வையுங்கள். பொன்னுருவி பாடும்போது பாத்ரூமுக்கு எழுந்து போகாதீர்கள். அன்பளிப்பு கொடுப்பதானால் பெயரைச் சொல்லிக் கொடுங்கள், கட்டியக்காரன் மைக்கில் சொல்லட்டும்.

காரியத்துக்குக் கர்ண மோட்சம் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். எந்த ஊர், யாருக்காக, உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று. பையனுக்கு அதையெல்லாம் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
குயிலாப்பாளையம்